பிரித்து எழுதுக

நிரஞ்சன் நான்கரைக்கு எழுந்தான். தண்ணீர் சுட வைத்தான். மைலோ கலக்கிக் குடித்தான். டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய் வேனை ஒருமுறை சுற்றி வந்தான். குனிந்து அடியில் பார்த்தான். பின் கதவைத் திறந்து கடைசி இருக்கைக்குப் பின்னால் பார்த்தான். யாரும் இல்லை. உள்ளே வந்து குளித்தான். கைப்பேசியைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குளித்தான். ஐந்தே முக்காலுக்கு வேனை எடுத்தான். ஏழு பத்துக்குள் பன்னிரண்டு பிள்ளைகளைக் குளுவாங்கில் பள்ளி வாசலில் இறக்கிவிட்டான். மூன்று மாதமாக இதே வரிசை.

அன்று மட்டும் அவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையில் ஏறி ஜொகூர் பாருவுக்கு ஓட்டினான். வழி முழுக்கப் பின்கண்ணாடியைப் பார்த்தபடியே வந்தான்.

தேனப்பன் முப்பது வருடம் காப்புறுதி நிறுவனத்தில் விபத்து மதிப்பீட்டாளராக இருந்தவர். ஓய்வு பெற்றபின், ஒரு கைப்பேசி பழுதுபார்க்கும் கடையின் மாடியில் அறை எடுத்து, மற்றவர்கள் மூடிவிட்ட விபத்துகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தாத மனிதர். அந்த வேலையை அவருடைய உதவியாளர் ஷர்மினி செய்தாள்.

"என் மனைவி சாருமதி," என்றான் நிரஞ்சன். "மூணு மாசம் ஆச்சு சார். காஹாங்ல, செம்பனைத் தோட்டத்து ரோட்ல. முதல் பிள்ளையை ஏத்தப் போனப்ப, பாலத்துக்கிட்ட வேன் ரோட்டோர அல்லூர்ல இறங்கி, கால்வாய்க்குள்ளயே கவுந்துடுச்சு. வேன்ல அவ மட்டும்தான்."

"போலீஸ் என்ன சொன்னாங்க?"

"வேற வண்டி ஏதாவது விரட்டியிருக்கலாம்னு. ஆனா எந்த வண்டியும் கிடைக்கல. ரோட்ல பிரேக் போட்ட தடமே இல்ல. ஓடியிருக்கா சார். எதையோ பார்த்துட்டு ஓடியிருக்கா."

"எதைப் பார்த்து?"

நிரஞ்சன் கைப்பேசியை மேசையில் வைத்து, குரல் பதிவு ஒன்றை அழுத்தினான். நான்கு விநாடி. பூச்சிகளின் இரைச்சல். நின்ற இடத்தில் உறுமும் எஞ்சின். நடுவில், அவசரமான ஒரு பெண் குரல்.

அது லொரி இல்லண்ணா.

ஷர்மினி தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "லொரி இல்லன்னா... வேற என்ன?"

"அதத்தான் மூணு மாசமா நானும் கேக்குறேன். யானைன்னு சிலர் சொல்றாங்க. கறுப்பு ஜீப்புன்னு சிலர். சிலர் வாயே திறக்க மாட்டேங்குறாங்க. அவங்களப் பார்த்தாதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு." அவன் கைகள் தொடையில் அழுந்தியிருந்தன. "விடியக்காலையில பின்னாடி ஒரு லைட் தெரிஞ்சா போதும், கால் தானா மிதிக்குது சார். ஒருநாள் நானும் அப்படித்தான் ஓடப்போறேன். என் பின்னாடி பன்னெண்டு பிள்ளைங்க. அது என்னன்னு மட்டும் சொல்லிடுங்க."

தேனப்பன் பென்சிலை எடுத்தார். "இந்தச் செய்தி யாருக்குப் போச்சு தம்பி?"

"அர்ச்சுனன் அண்ணனுக்கு. காஹாங்ல பட்டறை வச்சிருக்காரு. எங்க ரெண்டு வேனையும் அவர்தான் பார்க்குறாரு. அவர்தான் எனக்கு இதை அனுப்பி வச்சாரு."

"உங்களை அவங்க கூப்பிடலயா?"

"கூப்பிட்டிருக்கா. அஞ்சு நாப்பத்தொம்பதுக்கு." கைப்பேசித் திரையைத் தேனப்பன் பக்கம் திருப்பினான். "அப்பல்லாம் நான் ஆறேகாலுக்குத்தான் வேனை எடுப்பேன், குளிச்சிட்டு இருந்தேன். இந்தப் பதிவு அஞ்சு அம்பத்திரண்டு."

"அர்ச்சுனன் எப்படிப்பட்டவர்?"

"தங்கமான மனுஷன். சாவு வீட்ல என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாரு. 'கடைசி நேரத்துலகூட சாருவுக்கு உன் கவலதான்டா'ன்னாரு. இப்பவும் ஞாயித்துக்கிழமை தவறாம வீட்டுக்கே வந்து, என் வேனுக்குப் பிரேக் ஆயில் ஊத்திட்டுப் போவாரு. காசு வாங்க மாட்டாரு."

பென்சில் ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

"விபத்துக்கு அப்புறம் வேன்ல இருந்து என்னென்ன திருப்பிக் குடுத்தாங்க?"

நிரஞ்சன் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினான். பணப்பை, சாப்பாட்டு டப்பா, திரை நொறுங்கிய கைப்பேசி, ஒரு ஸ்குரூடிரைவர், நான்கு சின்ன ஸ்குரூ.

"இந்த ஸ்குரூ எங்க கிடந்துச்சு?"

"கப் வைக்கிற குழியில இருந்துச்சாம்."

"நாலுமா?"

"நாலும்."

"ஃபோனைத் திறந்து பார்த்தீங்களா?"

"இல்ல. பயமா இருந்துச்சு."

தேனப்பன் அதை ஷர்மினியிடம் கொடுத்தார். "கீழ திருச்செல்வம் கடையில இருப்பான். புதுத் திரை போடச் சொல்லு. உடனே வேணும்னு சொல்லு."

அவள் ஓடிப்போய்த் திரும்பி வரும்வரை, அவர் வேனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் ஒரே மாடல் சார், இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. புதுசு வாங்க வழியில்ல. சாமான் மாத்தி மாத்தி ஓட்டுறோம். சாமான் தேடுறது எல்லாம் சாருதான். பிரேக்குக்கும் ஸ்டீரிங்குக்கும் ஒரி தவிர வேற எதையும் தொட மாட்டா. ஒரிஜினல் கம்பெனி சாமானே வேணும். 'லோக்கல் போடுங்கக்கா, பாதி விலை'ன்னு கடையில சொல்வாங்க. 'பாதிப் பிள்ளைங்களையா ஏத்துறேன்'னு கேப்பா."

முதன்முறையாக அவன் முகத்தில் ஏதோ அசைந்தது. உடனே நின்றுவிட்டது.

"பெடலை மிதிச்சா பிரேக்குக்கு ஆயில் தள்ளுதே, அந்த மாஸ்டர் பம்ப் ரெண்டு வேணும்னு ரெண்டு மாசம் தேடுனா. பத்து பகாட், குளுவாங், இங்க, எல்லாக் கடைக்கும் ஃபோன். கிடைச்ச இடத்துல விலை கட்டல. கடைசியில இங்க ஒரு பழைய கடையில பெட்டி பிரிக்காத ஒரி ரெண்டு கிடந்துச்சு. வாங்குற விலைதான். கவுண்டர்லயே ரெண்டையும் பிரிச்சு, படம் எடுத்து எனக்கு அனுப்புனா."

படத்தைக் காட்டினான். இரண்டு பம்புகள். இரண்டின் உடம்பிலும் எழுத்தும் எண்ணும் புடைத்துத் தெரிந்தன.

"இத மாட்டினது?"

"அர்ச்சுனன் அண்ணன். ரெண்டு வேனுக்கும் ஒரே நாள். அதுக்கு மூணு வாரம் கழிச்சு..." அவன் முடிக்கவில்லை.

"சார், யானைதான்," என்றாள் படியேறித் திரும்பி வந்த ஷர்மினி, மூச்சு வாங்க. "காஹாங் ரோட்ல போர்டே வச்சிருக்காங்க."

"யானை லொரி மாதிரியா இருக்கும்?"

"இருட்டுல பின்பக்கம் பார்த்தா இருக்கும் லா, சார்!"

நிரஞ்சன் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தான். பத்து இருபது. "பன்னெண்டரைக்குப் பள்ளி விடும். இப்ப கிளம்புனாதான் சரியா இருக்கும். இன்னொரு நாள் வரேன் சார்."

"சாவிய மேசை மேல வைங்க, தம்பி."

"என்ன சார்?"

"வேன் சாவி. மேசை மேல."

குரல் உயரவில்லை. ஆனாலும் ஷர்மினி திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் அவர் யாரிடமும் சாவி கேட்டு அவள் பார்த்ததில்லை.

"பிள்ளைங்களுக்கு வேற ஏற்பாடு பண்ணுங்க. அப்புறம் சொல்றேன்."

நிரஞ்சன் குளுவாங்கில் வேன் ஓட்டும் யோகேஸ்வரியை அழைத்தான். "அக்கா, நான் ஜேபில இருக்கேன். இன்னிக்கு என் பிள்ளைங்களையும் ஏத்திக்கிறீங்களா... தெரியலக்கா. விட மாட்டேங்குறாங்க."

சாவி மேசைக்கு வந்தது. தேனப்பன் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஷர்மினி, அந்தப் பதிவை இன்னொரு தடவை போடு. கேக்குறதை எழுது."

அவள் எழுதினாள்: அது லொரி இல்லண்ணா.

"இதையே இடைவெளி விடாம எழுது."

அதுலொரிஇல்லண்ணா.

"பள்ளிக்கூடத்துல தமிழ்த் தாள்ல 'பிரித்து எழுதுக'ன்னு ஒரு கேள்வி வருமே. இப்ப பிரி. வேற இடத்துல."

ஷர்மினி உதடு அசையப் படித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக எழுதினாள். எழுதியதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அதுல ஒரி இல்லண்ணா.

தேனப்பன் அந்தத் தாளை நிரஞ்சன் பக்கம் திருப்பி வைத்தார்.

"வேகமாச் சொன்னா ரெண்டும் ஒன்னுதான்," என்றார் தேனப்பன். "பட்டறைக்காரருக்குத்தான் அனுப்பியிருக்காங்க. பட்டறைக்காரர்கிட்ட ஒருத்தர் பேய் பத்திப் பேச மாட்டாங்க. சாமானைப் பத்திப் பேசுவாங்க. பின்னாடி எஞ்சின் சத்தம் கேளுங்க. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. வேன் நிக்குது. எதுவும் அவங்களை விரட்டல."

"ஆனா பிரேக் தடம்..."

"பிரேக் பிடிக்காத வேன் தடம் வைக்காது." அவர் நான்கு ஸ்குரூவையும் உள்ளங்கையில் எடுத்தார். "வேன் கவுந்தா ஸ்குரூ நாலா பக்கமும் சிதறும். இது நாலும் ஒரே குழியில இருந்துச்சு. கழட்டி, தொலைஞ்சிடக் கூடாதுன்னு போட்டு வச்சிருக்காங்க. குழி ஆழம், அதனால கவுந்தும் வெளிய வரல. வாங்க, கீழ போவோம்."

வேன் வெயிலில் நின்றது. தேனப்பன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து குனிந்தார். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு மூடி. நான்கு சின்ன ஸ்குரூ. சாருமதியின் ஸ்குரூடிரைவர் அதற்குச் சரியாகப் பொருந்தியது.

"அவங்களுக்கு வழியில பெடல் மெத்துன்னு இறங்கியிருக்கு. ஓரமா நிறுத்தி இதைத் திறந்தாங்க. இதைத்தான் பார்த்தாங்க."

ஷர்மினி டார்ச்சைப் பிடித்தாள். வெள்ளி நிறப் பூச்சு அடித்த ஒரு பம்ப். பூச்சு ஒரு பக்கம் கொப்புளித்து உரிந்திருந்தது. அடியில் ஈரம். எழுத்து இல்லை. எண் இல்லை. அவள் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். இது வேறு.

"பழைய பம்புக்கு ரப்பர் மாத்தி, பெயிண்ட் அடிச்சிருக்கு," என்றார் தேனப்பன். "எஞ்சின் ஆயில் மாதிரி இல்ல தம்பி, பிரேக் ஆயில். அது வாரா வாரம் குறையாது. குறையுதுன்னா ஒழுகுது. ஒழுகுதுன்னு தெரிஞ்சவர்தான் வாரா வாரம் ஊத்த வருவார்."

நிரஞ்சன் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தான். "கடைக்காரன் ஏமாத்தியிருப்பான். அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காது."

"கவுண்டர்ல எடுத்த படத்துல இருக்கிறது ஒரி. வேன்ல இருக்கிறது ஒரி இல்ல. நடுவுல பட்டது ஒரே ஒரு ஆள் கை."

"மூணு மாசமா... தினம் பன்னெண்டு பேரு..."

"ஆமா."

"ஏன் சார் மாத்தித் தொலைக்கல? எனக்குத் தெரியாமயே மாத்தியிருக்கலாமே?"

"எடுத்த ரெண்டு ஒரியையும் வித்திருப்பார். புதுசா மாட்டணும்னா உங்களுக்குக் காரணம் சொல்லணும். ஆயில் ஊத்த ஒரு காரணமும் சொல்ல வேண்டியதில்ல." தேனப்பன் இறங்கி அவன் பக்கத்தில் நின்றார். "இன்னொன்னு இருக்கு. சாவு வீட்ல அவர் சொன்னது. கடைசி நேரத்துலகூட உன் கவலதான்னு. இந்த நாலு விநாடியில உங்க பேரும் இல்ல, உங்க கவலையும் இல்ல. அப்ப அதை அவர் எங்க கேட்டார்?"

நிரஞ்சன் நிமிர்ந்தான். அந்த நேரம் அவன் கைப்பேசி அடித்தது. திரையில் பெயர் தெரிந்ததும் அதைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்தான். தேனப்பன் தலையசைத்தார். ஸ்பீக்கரைப் போட்டான். ஷர்மினி தன் கைப்பேசியில் பேச்சைப் பதிவுசெய்யத் தொடங்கினாள்.

"எங்கடா இருக்க?" குரலில் உரிமை இருந்தது. "ஜேபிக்குப் போயிட்டியாம், யோகேஸ்வரி சொல்லுச்சு. பிள்ளைங்கள அடுத்தவங்க வேன்ல ஏத்திவிட்டுட்டு உனக்கு என்னடா அங்க வேலை?"

"அர்ச்சுனன், என் பேர் தேனப்பன். நிரஞ்சன் வேனோட பிரேக் மூடியத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒரே கேள்விதான். சாருமதியோட ரெண்டாவது செய்திய எப்ப அழிச்சீங்க?"

அந்தப் பக்கம், பின்னால் எங்கோ சுத்தியல் அடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அதுல..." குரல் இறங்கிவிட்டது. "அதுல சாரு என் பேர எதுவும் சொல்லலயே. குத்தம்னு ஒன்னும் சொல்லலயே. நான் தூங்கிட்டு இருந்தேன். ஏழு மணிக்குத்தான் கேட்டேன். சத்தியமா ஏழு மணிக்கு. அப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு."

"நிரஞ்சன் வேன் முடியல. அது இன்னிக்குக் காலை வரைக்கும் ஓடிச்சு."

"ஆயில் ஊத்திக்கிட்டுத்தானே இருந்தேன்!"

தொடர்பு அறுந்தது. ஷர்மினி பதிவைச் சேமித்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. "பட்டறைய விட்டு ஓடிடுவாரு, சார்."

"குளுவாங் போலீஸ்ல பேசு. பதிவையும் படத்தையும் அனுப்பு. இந்த வேனை யாரும் தொடக் கூடாது, இழுத்துத்தான் போகணும்."

கைப்பேசிக் கடையிலிருந்து திருச்செல்வம் வெளியே வந்தான். "அண்ணே, திரை போட்டாச்சு. சார்ஜ் ஏறிடுச்சு. உள்ள எல்லாம் அப்படியே இருக்கு." யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நடுவில் நீட்டினான்.

தேனப்பன் அதை வாங்கவில்லை. "பெறுறவர் தன் பக்கம் அழிச்சாலும் அனுப்புனவங்க பக்கம் இருக்கும். கேக்கணும்னு கட்டாயம் இல்ல தம்பி. நான் தனியா கேட்டு, தேவையானதை மட்டும் சொல்றேன்."

நிரஞ்சன் கையை நீட்டினான். பூட்டு எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினான். மூன்றாவது முறை திறந்தது. அர்ச்சுனன் அண்ணா என்ற பெயருக்குக் கீழே, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பதிவுகள். ஐந்து ஐம்பத்திரண்டு. ஐந்து ஐம்பத்து நான்கு.

இரண்டாவதை அழுத்தினான். முதலில் பூச்சிகளின் சத்தம். வேன் கதவு சாத்தப்பட்டது.

"அண்ணா, அவருக்கு அடிச்சேன், எடுக்கல. குளிக்கிறாரு போல. அவரு வேன்லயும் இதேதான் மாட்டியிருக்கும். நீங்க போய் நிறுத்துங்கண்ணா, எடுக்க விடாதீங்க. நான் பிரேக்கை நம்பாம கியர்லயே மெதுவா உருட்டிக்கிட்டு வந்துர்றேன். எனக்கு ஒன்னும் இல்லன்னு முதல்ல சொல்லிடுங்க. சும்மாவே பயப்படுற ஆளு."