வாயில்லாத பெண்

அக்கா காணாமல் போய் ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. ஓடிப்போய்விட்டாள் என்று அவள் கணவன் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான். செருப்பைக்கூட விட்டுவிட்டு எவள் ஓடிப்போவாள்? அதைக் கேட்கத்தான் தங்கை வந்தாள். போகாதே என்ற தன் புருஷனிடம் கன்னத்தில் ஓர் அறை வாங்கிக்கொண்டுதான் கிளம்பியிருந்தாள்.

அக்கா கணவனின் அச்சுப் பட்டறையில் மையும் ஆளிவிதை எண்ணெயும் நாறின. அதற்கடியில் வேறொரு வாடையும் இருந்தது. தரையெல்லாம் பச்சை லினோ விரிப்பு, அச்சுச் செதுக்கவும் உதவும் மெத்தென்ற தகடு. நடுவில் மட்டும் புதிதாக ஒட்டுப் போட்டிருந்தது. சுவர் முழுக்க அவன் செதுக்கி அச்சடித்த ஒரே பெண். முக்கோணத் தோள்கள், கத்தி போல் மூக்கு. பார்த்ததுமே தெரிந்தது, அக்காதான்.

"வாய் எங்க மாமா?"

"அவ வாய் ஊருக்கே தெரியுமே. செதுக்கித் தள்ளிட்டேன்."

மேசைமேல் அந்தப் படத்தைச் செதுக்கிய அச்சுப் பலகை கிடந்தது. தரை விரிப்பின் அதே பச்சை. கழுத்தின் குறுக்கே பெருக்கல் குறியாக இரண்டு ஆழமான கீறல்கள். கடைசிப் படி எடுத்ததும் பலகையைக் கீறிவிடுவது அந்தத் தொழிலின் வழக்கம். அப்புறம் யாரும் கள்ளப்படி எடுக்க முடியாது.

"எனக்கு ஒண்ணு எடுத்துக் குடுங்க."

"செத்த பலகைம்மா. கீறல்தான் வெள்ளையா விழும்."

ஆனாலும் பீற்றிக்கொள்ளும் ஆசை யாரை விட்டது. கருப்பு மை உருட்டி, தாளை விரித்து, கரண்டி முதுகால் தேய்த்து, உரித்தான்.

கீறல்கள் சிவப்பாக விழுந்திருந்தன.

அங்கே சிவப்பு மையே கிடையாது.

செதுக்கித் தள்ளிய இடத்தில் வாய் இருந்தது. திறந்திருந்தது.

"இன்னும் அடங்கலையாடி நீ," என்று முணுமுணுத்தபடி உளியை எடுத்துப் பலகையின் முகத்தில் குத்தினான். பலகையைப் பிடிக்கும் கை உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். ஆத்திரத்தில் மறந்தான். உளி வழுக்கி உள்ளங்கையைத் துளைத்து நின்றது.

அலறிக்கொண்டே பிடுங்கினான்.

பிடுங்கிய கை நிற்கவில்லை.

அவன் கழுத்திலேயே சாய்வாக ஒரு கீறல். அதை வெட்டி இன்னொன்று.

தங்கை ஓடித் தடுத்திருக்கலாம். தடுக்கத் தோன்றவில்லை.

ஒட்டுப் போட்ட இடத்தில்தான் விழுந்தான். ரத்தம் பரவவில்லை. ஒட்டின் விளிம்பைத் தேடிப் போய், ஓர் ஆள் நீளத்துக்குக் கட்டம் போட்டுவிட்டு, மடமடவென்று உள்ளே இறங்கியது.

தங்கை அந்த ஒட்டைப் பெயர்த்தபோது அக்கா அடியில்தான் கிடந்தாள். கழுத்தில் அதே இரண்டு கீறல்கள்.

போலீஸ் வருமுன் தங்கை அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். அக்காவை மறுபடி அங்கே விட்டுவர மனம் வரவில்லை. வீட்டில் மாட்டிவைத்தாள். மை மட்டும் காயவே இல்லை.

ஒருநாள் குழம்பில் உப்பு கூடியதற்காகப் புருஷன் மறுபடி கன்னத்தில் அறைந்தான். அவள் படத்தைப் பார்த்தாள்.

காலையில் அவன் சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றான்.

"கழுத்துல என்னடி இது, மை?"

சாய்வாக ஒரே ஒரு கருப்புக் கோடு. பெருக்கல் குறியில் பாதி.