நெட் பெட்டிக்குள் ஒரு நூல்

இந்த வெள்ளிக்கிழமையும் ரைசா வீட்டு நெட் பெட்டியில் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

கேட்டுக்கு வெளியே ஜோதிகா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரைசாவின் வகுப்புத் தோழி அவள். அவளுடைய அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை மாலை மட்டும்தான் அவருக்குக் கொஞ்ச நேரம் போன் கிடைக்கும். ஜோதிகா வீட்டில் பட்டன் போன்தான். அதனால் ரைசா வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள்.

போன வாரம் பார்க்க முடியவில்லை. அதற்கும் மேலாக, "இந்தப் புள்ள கால் பட்டுத்தான் வயர் கெட்டுது. இனி உள்ள வர வேண்டாம்" என்று ரைசாவின் அத்தா கியாசுதீன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நான் மிதிக்கல ரைசா. எங்கம்மா காத்துக்கிட்டு இருக்கும்லா?" என்றாள் ஜோதிகா.

ரைசா விறுவிறுவென்று உள்ளே போனாள்.

உள்ளே நெட் ரிப்பேர்காரர் செல்வக்குமார் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "முந்தாநாள்தானுங்க பாய் சரி பண்ணிட்டுப் போனேன். மறுபடியும் எப்படிங்க?"

"அதையேதானுங்க நானும் கேக்கறேன்" என்றார் அத்தா. அவர் வீட்டிலேயே மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுப்பவர்.

செல்வக்குமார் வயரின் நுனியைக் கழற்றி ஒரு குட்டி மைக்ராஸ்கோப்பில் செருகினார். ரைசா எட்டிப் பார்த்தாள்.

"வயர் நுனியக் கண்ணுக்கு நேரா வெச்சுப் பாக்கக்கூடாது கண்ணு. இந்த ஸ்கிரீன்ல பாரு. நடுவுல புள்ளி தெரியுதா? இந்த வயர்ல நெட் வெளிச்சமாத்தான் வரும், அது வர்ற வழி அதுதான். அங்க தூசி உக்காந்தா நெட் வராது."

புள்ளியின் மேல் ஒரு நூல் நெளிந்து கிடந்தது.

"அன்னைக்கும் இதேதான். எங்கிருந்து வருதுன்னே தெரியல."

ரைசாவுக்குத் தெரிந்தது. அத்தாவின் தோளில் எப்போதும் ஒரு துண்டு பனியன் வேஸ்ட், தையலில் மிஞ்சிய வெட்டுத்துணி, கிடக்கும். மெஷின், கண்ணாடி, சைக்கிள், எல்லாவற்றையும் துடைக்க அதுதான். நேற்றுக் காலையில் நெட் வயரையும் பிடுங்கி, நுனியை அழுத்தித் துடைத்து மாட்டினார்.

சொன்னால் அத்தா திட்டுவார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஜோதிகா வெளியே உட்கார்ந்திருக்கிறாளே!

"அண்ணா, அதச் சுத்தம் பண்ணுங்க. அப்புறம் இதுல ஒரு தடவை தொடச்சுப் பாருங்க" என்று ஒரு துண்டு பனியன் வேஸ்ட்டை நீட்டினாள்.

செல்வக்குமார் பேனா போன்ற ஒரு கருவியால் நுனியைச் சுத்தம் செய்தார். திரையில் நூல் இல்லை. பனியன் வேஸ்ட்டால் துடைத்தார். இரண்டு நூல்கள் வந்து உட்கார்ந்தன.



"அத்தா, ஜோதிகா கால் படலீங்க" என்றாள் ரைசா மெதுவாக.

அத்தாவின் முகம் சுருங்கிவிட்டது. செல்வக்குமார் மறுபடி சுத்தம் செய்து மாட்டினார். பச்சை விளக்கு வந்தது. அத்தா கேட் வரை தானே நடந்துபோனார்.

"உள்ள வா கண்ணு. தப்பு என்மேலதான்."

கம்ப்யூட்டர் திரையில் ஜோதிகாவின் அம்மா வந்தார். போன மாதத்தைவிட மெலிந்திருந்தார்.

"ஏன் தாயி போன வாரம் வரல? அம்மா மேல கோவமா?"

ஜோதிகா ரைசாவின் அத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லம்மா. நெட்டுல தூசி விழுந்துட்டு. வேற ஒண்ணும் இல்ல."

அத்தா தோளில் கிடந்த பனியன் வேஸ்ட்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு மட்டும் ரைசா ஒன்றும் சொல்லவில்லை.