அல்மெந்த்ரோ மரத்தின் இரண்டு குஞ்சுகள்

வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மார்யேலோஸ் சேற்று பூட்ஸோடு சமையற்கட்டுக்குள் வந்தாள். ஃப்ளோரியின் சமையற்கட்டில் அது மன்னிக்கக்கூடிய குற்றமே இல்லை. ஆனால் வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் ஃப்ளோரி வாய்க்கு வந்த திட்டை அப்படியே விழுங்கிக்கொண்டாள். மூலையில் சோறும் கறுப்பு மொச்சையும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்த எவேலியோ தலையை நிமிர்த்தினார்.

எவேலியோ முப்பத்தொரு வருஷம் வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமைதோறும் பன்றிக்கறிக்காக இங்கே வந்துவிடுவார். அதிகம் பேசமாட்டார். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் எதிரில் இருப்பவர்கள் தானாகவே உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்று சராப்பிக்கி பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. ஃப்ளோரி அதற்கு நேர்மாறு. பதினோரு வருஷமாகக் காட்டுக்கு வரும் பயணிகளுக்குச் சமைத்துப் போடுகிறாள்; ஊரில் எது நடந்தாலும் அவள் மூக்கு அங்கே இருக்கும்.

"லாப்பாக் குஞ்சுங்க ரெண்டையும் காணோம், தோன் எவேலியோ," என்று அவரை மரியாதையாக அழைத்துச் சொன்னாள் மார்யேலோஸ். "நான்தான் எடுத்தேன்னு சொல்றாங்க."

லாப்பா என்றால் எங்கள் ஊர்ப் பெரிய பச்சைக் கிளி. கிட்டத்தட்ட இரண்டு முழம் நீளம் இருக்கும். காட்டின் உள்ளே ஒரு கிழட்டு அல்மெந்த்ரோ மரம் இருக்கிறது; அதன் பொந்தில் நான்கு வருஷத்துக்குப் பிறகு இந்த வருஷம்தான் ஒரு ஜோடி குஞ்சு பொரித்திருந்தது. அந்தக் காடு ஊர்க் குடும்பங்களின் சங்கத்துக்குச் சொந்தம். பகல் பயணமாக ஆட்களை உள்ளே அழைத்துப்போக இரண்டே வழிகாட்டிகள்: மார்யேலோஸும் ஃபுல்வியோவும். காட்டுக் கதவுக்கு இருந்த இரண்டு சாவிகளும் அவர்களிடம்தான்.

அன்று நடந்ததை மார்யேலோஸ் கோர்வையாகச் சொன்னாள். விடியற்காலைப் பயணம் ஃபுல்வியோவுடையது, பத்து மணிப் பயணம் அவளுடையது. பயணிகளோடு மரத்தடியில் போய் நின்றபோது தாய்க்கிளியும் தகப்பன்கிளியும் கத்திக்கொண்டே சுற்றின. குஞ்சுகளின் தலை தெரியவில்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை. பயணிகளை அனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்பிப் போய், மேட்டில் தொலைநோக்கியை வைத்துப் பார்த்தாள். பொந்து காலி. ஓடிவந்து சங்கத் தலைவர் நசாரியோவிடம் சொன்னதும் அவளேதான். சொன்னதே அவளுக்கு வினையாகிவிட்டது. மூன்று மணிக்குச் சங்கம் கூடி அவள் பெயரை நீக்கப்போகிறது. அப்புறம் அவள் அந்தக் காட்டுக்குள் கால் வைக்கவே முடியாது.

"பேரு போனா போகுது," என்றாள். "குஞ்சுங்க கிடைக்கணும். தாய் எத்தனை நாள் காலிப் பொந்தையே சுத்தும்?"

"நாளைக்கு வரைக்கும் சுத்தும்," என்றார் எவேலியோ. தட்டை ஒதுக்கி வைத்தார். கறி பாதி மிச்சம் இருந்தது. அதைக் கண்டதும் விஷயம் பெரிசு என்று ஃப்ளோரிக்குப் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே கிளம்பினாள்.

சாப்பாட்டுக் கொட்டகையில் நசாரியோ தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் பதற்றக்காரர். பக்கத்தில் ஃபுல்வியோ சாவகாசமாகக் கரும்பு கடித்துக்கொண்டிருந்தான். மரம் ஏறுவதில் அவனுக்கு நிகர் அந்த வட்டாரத்தில் கிடையாது. விதை சேகரிக்கக் கயிறு கட்டி ஏறுவது அவன்தான். எவேலியோ கேட்பதற்கு முன்பே அவன் சொல்லத் தொடங்கினான்.

"ஆறரைக்கு நாங்க மரத்தடியில. குஞ்சு ரெண்டும் தலைய நீட்டிட்டு இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன். போற வழியில பெஞ்சுகிட்ட எறும்புச் சாரை. எல்லாரையும் தாண்ட வச்சேன். ஒரு தடிமனான ஆளு மிதிச்சுட்டாரு, வழக்கம்போலப் பாட வச்சோம். சிரிச்சு சிரிச்சு வயித்த வலி. அப்பப் போயி இந்த மாதிரி நடக்கும்னு யாருக்குத் தெரியும்?"

அந்தப் பயணிகள் ஏழரை மணி வண்டியிலேயே விமான நிலையத்துக்குப் போய்விட்டார்கள். கேட்டுப் பார்க்க வழியில்லை. ஏழு மணிக்கு மேல் காட்டுக்குள் போனவள் மார்யேலோஸ் மட்டும்தான் என்றார் நசாரியோ; ஏறத் தெரிந்த வெளியாள் யாரையாவது உள்ளே விட்டிருப்பாள் என்பது அவர் சந்தேகம். முந்தின நாள் புதன்கிழமை, காட்டுக்கு ஓய்வு. கதவு பூட்டியே இருந்தது. அன்று காலையிலிருந்து பொழுது சாயும் வரை அவரும் மார்யேலோஸும் புவேர்த்தோ வியேஹோ ஊரில் முதலுதவி வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் ஃப்ளோரி பொரிந்தாள். "கரும்பு மட்டும் எப்படி எறங்குது பாருங்க. பல்லு வலின்னு காலையில இருந்து ரெண்டு தடவ சோளக்கூழு வாங்கிட்டுப் போனான். உப்பும் வேணாமாம், சக்கரையும் வேணாமாம். என் கைச் சமையல் அவனுக்கு அவ்வளவு எளப்பமாப் போச்சு."

எவேலியோ மார்யேலோஸிடம் திரும்பி, காலையில் பயணிகளை எப்படி அழைத்துப் போனாளோ அதேபோலத் தங்களையும் அழைத்துப் போகச் சொன்னார். அதே நடை, அதே பேச்சு, எதையும் விடக்கூடாது.

இவ்வளவு வருஷத்தில் ஃப்ளோரி அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போனதே இல்லை. பயணிகள் வாயைப் பிளந்துகொண்டு திரும்பி வருவதைப் பார்த்து, பணம் கொடுத்து மரத்தைப் பார்க்க வருகிற பைத்தியங்கள் என்று சிரித்தவள் அவள். கதவுக்கு உள்ளே போனதும் மார்யேலோஸ் நின்றாள்.

"முதல் பத்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது. முதல்ல காடு நம்மளப் பாக்கட்டும். அப்புறம் நாம அதைப் பாப்போம்."

பத்து நிமிஷம் ஃப்ளோரி பேசவில்லை. இதை ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அவள் அடக்கிக்கொண்டு நடக்கவில்லை. பேச்சு அவளுக்கு வரவேயில்லை. தலைக்கு மேலே எங்கேயோ வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கீழே அது பச்சையாகத்தான் வந்து சேர்ந்தது. ஒரு மரத்தின் வேர் மட்டும் அவள் வீட்டுச் சுவர் உயரம் நின்றது. தூரத்தில் ஊளைக் குரங்கு ஒன்று உறும, நெஞ்சுக்குள் அதிர்ந்தது. உள்ளங்கை அகல நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று வழியில் குறுக்கே போனது; சிறகை மூடியபோது காணாமல் போய், விரித்தபோது மறுபடி வந்தது. தன் அடுப்புக்கு இருநூறு அடி தள்ளி இதெல்லாம் பதினோரு வருஷமாக நடந்துகொண்டிருந்ததை நினைத்து அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது.

ஓடையைத் தாண்டியதும் பயணிகள் இளைப்பாற ஒரு மரப் பெஞ்சு. அதன்மேல் ஒரு யானைத்தும்பிக்கை கனத்தில் பெரிய கிளை முறிந்து விழுந்து கிடந்தது. இலைகள் இன்னும் வாடவில்லை. எவேலியோ குனிந்தார். கிளைக்கு அடியில், தரையில், ஒரு சாண் அகலத்துக்குப் பெருக்கிவிட்டாற்போல ஒரு தடம் ஓடியது. இலைவெட்டி எறும்புகளின் பழைய சாலை. அதில் ஒரு எறும்புகூட இல்லை. சேற்றில் காலையில் வந்தவர்களின் பூட்ஸ் தடங்கள் கிளையைச் சுற்றிக்கொண்டு போயிருந்தன.

"ஃப்ளோரி, உன் கூரைத் தகரம் எப்பப் பறந்துச்சு?"

"நேத்து சாயங்காலம் அடிச்ச காத்துலதான். ராத்திரியே நின்னுருச்சு. இன்னைக்கு ஒரு இலைகூட அசையலையே," என்றாள். இதற்கும் தகரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அங்கிருந்து பத்தடி போனதும் மார்யேலோஸ் கையை நீட்டி நிறுத்தினாள். வழிக்குக் குறுக்கே எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் தன்னைவிடப் பெரிய இலைத்துண்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தது.

"எல்லாரும் குடை புடிச்சுட்டுப் போறாங்களே," என்றாள் ஃப்ளோரி மெதுவாக.

இந்தக் காட்டில் எறும்புச் சாலையை மிதிக்கக் கூடாது. எட்டி வைத்துத் தாண்ட வேண்டும். மிதித்தவர் அங்கேயே நின்று எறும்புகளுக்கு ஒரு பாட்டுப் பாட வேண்டும். யார் தொடங்கிவைத்தது என்று தெரியாது, வழிகாட்டிகள் யாரும் இதை விட்டுக்கொடுத்ததில்லை. எவேலியோ தாண்டினார். ஃப்ளோரி மேலே பார்த்துக்கொண்டே கால் வைத்து மிதித்துவிட்டாள். மாதா கோயில் பாட்டில் இரண்டு வரி பாடிய பிறகுதான் மார்யேலோஸ் விட்டாள்.

"காலையில உன் ஆளுங்க எங்க தாண்டினாங்க?" என்று கேட்டார் எவேலியோ.

"இங்கதான். வேற எங்க?"

அல்மெந்த்ரோவின் அடியில் வந்து நின்றதும் எவேலியோ தொப்பியைக் கழற்றினார். முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது, உச்சி தெரியவில்லை. கிளிகள் இரண்டும் மேலே இருந்தன. ஒன்று பொந்துக்குள் போய், வெளியே வந்து, கத்தி, மறுபடி உள்ளே போனது. போன தடவை பார்க்காத மூலை ஏதோ பாக்கி இருக்கிறதுபோல அது திரும்பத் திரும்ப உள்ளே போனது. மார்யேலோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஃப்ளோரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும், போலாம்," என்றார் எவேலியோ. "மணி ரெண்டரை."

கொட்டகையில் நசாரியோ எழுந்து நின்று பேசத் தயாராக இருந்தார். எவேலியோ அவரை உட்காரச் சொல்லிவிட்டு ஃபுல்வியோவின் எதிரில் அமர்ந்தார்.

"அந்தத் தடிமனான ஆளு எங்க நின்னு பாடினாரு?"

"சொன்னேனே. பெஞ்சுகிட்ட."

"இன்னைக்குக் காலையில?"

"இன்னைக்குக் காலையிலதான்."

எவேலியோ பிறகு நசாரியோவைப் பார்த்துப் பேசினார்.

"பெஞ்சு மேல நேத்து சாயங்காலக் காத்துல கிளை முறிஞ்சு விழுந்து கெடக்கு. எறும்புங்க சாலைய பத்தடி தள்ளி மாத்திக்கிச்சு. இன்னைக்கு அங்க போன யாரா இருந்தாலும் கிளையச் சுத்திதான் போயிருக்கணும், புது எடத்துலதான் தாண்டியிருக்கணும். மார்யேலோஸ் புது எடத்தச் சொன்னா. ஃபுல்வியோ பழைய எடத்தச் சொல்றான். கிளையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அப்படின்னா இவன் இன்னைக்கு அந்தப் பக்கமே போகல. பயணிங்கள ஓடைக்கு இந்தப் பக்கமே சுத்திக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கான். போகாதவன் குஞ்சுங்களோட தலைய எப்படிப் பாத்தான்?"

"மறந்து சொல்லியிருக்கலாம்," என்றான் ஃபுல்வியோ.

"சரி. போகலன்னா போகலன்னு சொல்லியிருக்கலாம். காலையில குஞ்சு இருந்துச்சுன்னு ஏன் சொல்லணும்? அது நேத்தே இல்லன்னு தெரிஞ்சவனுக்குத்தான் அந்தப் பொய் வேணும். நேத்து பூராவும் மார்யேலோஸ் வகுப்புல இருந்தா. நசாரியோ, நீங்களே பக்கத்துல இருந்தீங்க. அவ சாவி அவ இடுப்புல. இன்னொரு சாவி இவன்கிட்ட. கயிறும் இவன்கிட்ட."

நசாரியோ ஃபுல்வியோ பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"வெளியாளு பொய் சொன்னா, மரத்தப் பாத்தேன், கிளியப் பாத்தேன்னு நிறுத்தியிருப்பான்," என்றார் எவேலியோ, இப்போது ஃபுல்வியோவிடம். "நீ வழிகாட்டி. எறும்பத் தாண்டாம உனக்கு ஒரு நடையச் சொல்லத் தெரியாது. திருடப் போனப்பகூட அதை மிதிச்சிருக்க மாட்ட. அந்தப் பழக்கந்தான் உன்னக் காட்டிக் கொடுத்துருச்சு. பல்லு வலிக்கிறவன் கரும்பு கடிக்கிறதும் எனக்குப் புரியல. உப்பு, சக்கரை போடாத கூழு யாருக்கு?"

ஃபுல்வியோ கரும்பைக் கீழே வைத்தான். வந்து போகிறவர்கள் எல்லாம் மார்யேலோஸ் பெயரைத்தான் கேட்கிறார்கள் என்றும், தலைநகரிலிருந்து ஒருவன் குஞ்சு கேட்டு வந்தான் என்றும், நாளைக்கு எடுத்துப்போக வருவான் என்றும் தலையைக் குனிந்தபடி சொன்னான்.

குஞ்சுகளுக்குச் சோளக்கூழ் தன் கையால்தான் போனது என்பது ஃப்ளோரிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "சூடாவா குடுத்த?"

"வெதுவெதுப்பாதான், தோன்யா ஃப்ளோரி. ரெண்டும் சாப்பிட்டுச்சு."

நசாரியோ மார்யேலோஸிடம் மன்னிப்புக் கேட்டார். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவள் அதற்குள் வாசலில் நின்றாள். காவல் நிலையத்துக்குப் பேசலாமா என்று அவர் எவேலியோவைக் கேட்டார். பேசலாம், ஆனால் மரத்துக்குப் போய் வந்த பிறகு என்றார் எவேலியோ. அந்த உயரத்துக்கு ஏறக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஃபுல்வியோவின் வீட்டில், துணி போர்த்திய கூடையில் குஞ்சுகள் இரண்டும் இருந்தன. பாதி இறகு முளைத்து, அலங்கோலமாக, ரொம்பக் கோபமாக இருந்தன. நாலரை மணிக்கு எல்லோரும் அல்மெந்த்ரோவின் அடியில் நின்றார்கள். விதை சேகரிப்பில் ஃபுல்வியோவுக்குக் கீழே கயிறு பிடிப்பது எப்போதும் மார்யேலோஸ்தான். அவன் எடை அவள் கைக்குப் பழக்கம். நசாரியோ தான் பிடிப்பதாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

அவன் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினான். சின்னதாகிக்கொண்டே போனான். பொந்துக்குள் ஒவ்வொரு குஞ்சாகக் கை நுழைத்து வைத்தான். அப்போதுதான் தாய்க்கிளி வந்தது. சிறகு இரண்டையும் விரித்துக்கொண்டு வந்து, அவன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, பொந்தின் விளிம்பில் அமர்ந்தது. கத்தவில்லை.

"மார்யேலோஸ்," என்று மேலிருந்து குரல் வந்தது. அது ஃபுல்வியோவின் குரல் மாதிரியே இல்லை. "என்னையே பாக்குது."

"அசையாத," என்றாள் அவள். கயிறு அவள் உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்தது. "பாக்கட்டும். அது போதும்னு நெனைக்கிற வரைக்கும் பாக்கட்டும்."

கிளி அவனை வெகுநேரம் பார்த்தது. பிறகு முதுகைக் காட்டித் திரும்பி உள்ளே போனது. உள்ளேயிருந்து குஞ்சுகள் தீனி கேட்டுக் கத்தும் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. ஃப்ளோரி முன்றானை இல்லாத குறைக்குச் சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஃபுல்வியோ மேலேயே தொங்கிக்கொண்டிருந்தான். இறங்குகிறேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மார்யேலோஸ் காலை வேரில் ஊன்றிக்கொண்டு, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, அவன் மரத்தில் மோதாதபடி விட ஆரம்பித்தாள்.