கொரட்டூர் கஞ்சி வழக்கு

காலை ஆறே முக்கால். கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்துத் தெரு. கஞ்சிக் கிண்ணத்தோடு மாமியாரின் அறைக்குள் போன சுதா இரண்டு முறை "அத்தை" என்று கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. கிண்ணத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கணவனை எழுப்பப் போனாள்.

இன்ஸ்பெக்டர் ஷோபனா வந்து சேர்ந்தபோது அந்தக் கிண்ணம் அங்கேயே இருந்தது. கஞ்சியின் மேல் ஆடை படிந்திருந்தது.

கட்டிலில் பொன்னம்மாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. உள்ளங்கையும் காது மடலும் சிவந்து தடித்திருந்தன. மார்புத் தோல் வெந்நீர் கொட்டியதுபோல் உரிந்திருந்தது.

"எல்லாம் இவ வேலைதாம்மா!" புகார் கொடுத்தது பொன்னம்மாளின் தாய் ராஜம்மா. சுதாவை நோக்கி நீட்டிய விரலை அவள் இறக்கவேயில்லை. "ஆப்பரேசன் முடிஞ்சி எம்பொண்ணு நல்லாத்தான் ஊட்டுக்கு வந்தா. இவ கஞ்சி ஊத்தினா. தோலு உரிஞ்சி செத்துப்பூட்டா. வெளியிலேர்ந்து வந்தது ஒட்டுமா?"

"அக்கா, சும்மா இரு," என்றார் பரந்தாமன். இறந்தவளின் கணவர். "பொணம் கிடக்குது. இப்பப் போயி..."

"இன்னாத்த சும்மா இருக்கிறது? சொந்தத்துல பொண்ணு எடுடான்னு தலபாடா அடிச்சிக்கினேன். உம்புள்ள கேட்டானா? ஆவடியில போயிப் புடிச்சாந்தான்."

ஷோபனா அவர்களை வெளியே நிறுத்திவிட்டுச் சுதாவை மட்டும் சமையலறைக்குக் கூட்டிப் போனார். சுதாவுக்கு ஏழாவது மாதம். சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"கஞ்சி யார் வச்சது?"

"நான்தான் மேடம்."

"வேற யார் குடிச்சாங்க?"

"மீதிய நான் குடிப்பேன். கொட்ட மனசு வராது."

"கிண்ணத்துல மட்டும் தனியா எதையாவது கலந்திருக்கலாமே?"

"கலந்திருக்கலாம்." சுதா அழவில்லை. "தெருவே அப்படித்தான் சொல்லுது. யாருன்னு நீங்க கண்டுபுடிக்கலன்னா என் புள்ளையும் அதையே கேட்டுக்கினு வளரும்."

அடுத்து மகன் தினகரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவன்.

"அம்மாவுக்கு என்ன ஆப்பரேஷன்?"

"கர்ப்பப்பை எடுத்தாங்க மேடம். மண்ணூர்பேட்டைல ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ரத்தம் ரொம்பப் போயிடுச்சி. பிளட் பேங்க்ல வாங்கியாரச் சொன்னாங்க. எவனோ குடிகாரன் ரத்தம் எங்கம்மாவுக்கு எதுக்கு? டாக்டர்கிட்ட சண்ட போட்டு, சட்டையை மடிச்சிக்கினு நானே படுத்துட்டேன். சூடு ஆறுறதுக்குள்ள ஏத்துனாங்க." அழுது வீங்கிய முகத்திலும் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "அடுத்த மாசம் அப்பாவுக்கு பைபாஸ். அதுக்கும் நான்தான் குடுக்கப்போறேன்."

"காய்ச்சல் எப்ப வந்தது?"

"ஊட்டுக்கு வந்த அப்புறம். ஒரு வாரம், பத்து நாளு இருக்கும். அப்புறம் தோலு செவந்துச்சி. வயித்தால போச்சி. வெள்ளணு கொறஞ்சிருக்கு, டெங்குவா இருக்கும்னு ட்ரிப்ஸ் ஏத்தி அனுப்பிட்டாங்க."

"சுதா மேல உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?"

தினகரன் தரையைப் பார்த்தான்.

"தெரியல மேடம்."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

கிண்ணத்தில் விஷம் இல்லை. வயிற்றில் இல்லை. முடியிலும் நகத்திலும்கூட இல்லை. ஆய்வுக்கூடம் இதைச் சொல்லி முடிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் சுதா சமைத்ததை அந்த வீட்டில் யாரும் தொடவில்லை. ஓட்டலிலிருந்து வாங்கி வந்து சாப்பிட்டார்கள். தினகரனும்தான்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சித்ராவின் அறையில் ஷோபனா உட்கார்ந்திருந்தார்.

"விஷம் இல்லன்னா டெங்குதானா?"

"டெங்கு இந்த அளவுக்குப் போகாது. ரத்த அணுக்கள் பிறக்கிறது எலும்பு மஜ்ஜையில. இவங்களுக்கு அங்க ஒண்ணுமே இல்லை. துடைச்சு எடுத்த மாதிரி இருக்கு. ஆனா தோல்லயும் குடல்லயும் ஈரல்லயும் டி செல்கள் கூட்டம் கூட்டமா நிக்குது. அதுதான் எனக்குப் புரியல."

"டி செல்னா?"

"உங்க ரோந்துப் போலீஸ்னு வச்சுக்குங்க. உடம்புல ஒவ்வொரு செல்லும் தன் வாசல்ல ஒரு தட்டு வச்சிருக்கும். உள்ளே இருக்கிற புரதத்தைத் துண்டு துண்டாக்கி அந்தத் தட்டுல வச்சுக் காட்டும். கிருமி புகுந்துட்டா கிருமியோட துண்டும் தட்டுக்கு வந்துடும். இதைத் துப்புக் கொடுக்கிறதுக்குன்னே சில செல்கள் இருக்கு. கிருமியை விழுங்கி, அதோட துண்டை எடுத்துக்கிட்டு, நெறி கட்டுதே, அந்த இடத்துக்குப் போய் டி செல்கிட்ட நீட்டும். எந்த டி செல்லுக்கு அது பொருந்துதோ அது ஆயிரக்கணக்காப் பெருகிக் கிளம்பிடும். அந்தத் துண்டைக் காட்டுற செல்லை எல்லாம் தேடிப் போய்க் கொல்லும். தூரத்துல நின்னு இல்ல, ஒட்டி நின்னு."

"கிருமி இல்லாமலே கொல்லுமா?"

"தட்டோட வடிவமே ஆளுக்கு ஆள் வேற. அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு வகை வரும். புதுத் தட்டைப் பார்த்தா, அதுவே போதும், அந்நியன்னு அடிச்சிடும்."

ஷோபனா குறிப்பேட்டில் எழுதியதை மேலிருந்து திரும்பப் படித்தார். மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது.

"டாக்டர், மஜ்ஜை காலின்னு சொல்றீங்க. ரத்தத்துல வெள்ளை அணு இல்லை. அப்ப அது ஆளில்லாத வீடு. அந்த வீட்டுக்குள்ள கூட்டமா நடமாடுறது யாரோட ஆட்கள்?"

சித்ரா கையிலிருந்த கண்ணாடித் தகட்டை மெல்லக் கீழே வைத்தார்.

மறுநாள் மாலை போன் வந்தது. "எக்ஸ், ஒய் குரோமோசோம் பார்த்தேன் மேடம். அந்த டி செல்கள் பொன்னம்மாளோடது இல்லை. ஒரு ஆணோடது."

"மகன் ரத்தம் கொடுத்தான்."

"இருக்கலாம். ஆனா ஏத்தின ரத்தத்துல வர்ற டி செல்களை நம்ம உடம்பு அந்நியன்னு கண்டுபிடிச்சுச் சில நாள்ல முடிச்சிடும். இவங்க உடம்பு ஏன் விட்டுச்சு?"

ஷோபனாவின் காதில் அந்தக் காலை திரும்ப ஒலித்தது. அக்கா, சும்மா இரு. மாமியாரை அக்கா என்று கூப்பிட்ட மருமகன்.

அடுத்த நாளே தினகரனிடமும் பரந்தாமனிடமும் வழக்குக்காக என்று சொல்லி ரத்த மாதிரி எடுத்தார்கள். முடிவு வந்த அன்று ஷோபனா கொரட்டூருக்குப் போனார். தினகரன் வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த சுதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ இல்லைம்மா."

சுதா துணியைக் கீழே வைத்தாள். "அப்ப யாரு?"

"உன் மாமனார் கட்டினது சொந்த அக்கா மகளை. அதனால உடம்புல ஒவ்வொரு செல்லும் காட்டுற அடையாளத் தட்டு ஒண்ணு அவங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரே வகையா இருந்தது. தினகரனுக்கு அப்பாகிட்ட இருந்தும் அதுதான் வந்திருக்கு, அம்மாகிட்ட இருந்தும் அதுதான். அவர்கிட்ட வேற வகை கிடையாது. அவர் ரத்தத்துல இருந்த காவல் அணுக்கள், அந்த டி செல்கள், அம்மா உடம்புக்குள்ள போனப்ப அம்மாவோட காவல், நம்ம வீட்டு ஆளுதான்னு வழி விட்டிருச்சு. ஆனா அம்மாகிட்ட இன்னொரு வகைத் தட்டும் இருந்ததே. உள்ள போனவங்களுக்கு அது அந்நியம். தோல்ல அடிச்சது, குடல்ல அடிச்சது, ஈரல்ல அடிச்சது. கடைசியில மஜ்ஜைக்கே போய்க் காவலையும் அழிச்சிருச்சு."

"வெளியாள் ரத்தமா இருந்தா?"

"உள்ள வந்த டி செல்களை அம்மாவோட காவலே முடிச்சிருக்கும். சொந்தக்காரங்க ரத்தம்னா பெரிய ஆஸ்பத்திரியில கதிர்வீச்சு காட்டி, டி செல்கள் பெருக முடியாமப் பண்ணித்தான் ஏத்துவாங்க. அங்க அது இல்லை. எப்படிச் சொந்தம்னு யாரும் கேட்கவும் இல்லை. தினகரன் அந்த ரத்தத்தைப் பத்தி எங்கிட்ட முதல்லயே சொன்னாரு. பெருமையாச் சொன்னதால நானும் தாண்டிப் போயிட்டேன்."

சுதாவின் கை வயிற்றின் மேல் போனது.

"இதுக்கு ஒண்ணும் ஆகாது," என்றார் ஷோபனா. "நீ வெளியிலேர்ந்து வந்தவ."

தினகரன் வருகிறானா என்று சுதா தெருவை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவருகிட்ட சொல்லாதீங்க மேடம். தாங்க மாட்டாரு. ஒண்ணும் தெரியலன்னு மூடிடுங்க. இவ்ளோ நாள் கேட்டுட்டேன். இன்னும் கேட்டுக்கிறேன்."

"சொல்லாம இருக்க முடியாதும்மா. இன்னும் சில நாள்ல உன் மாமனாருக்கு பைபாஸ். அதுக்கும் தன் ரத்தம்தான்னு தினகரன் நிக்கிறாரு."

சுதா கண்ணை மூடிக்கொண்டாள்.

தெருமுனையில் சைக்கிள் மணி. தினகரன் வந்து இறங்கினான். எண்ணெய்க் கறை படிந்த சட்டை, முழங்கை வரை மடித்த கை. ஜீப்பைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. ஷோபனா அவனை உட்காரச் சொன்னார். அவன் நின்றபடியே கேட்டான். எல்லாவற்றையும் கேட்டான். இடையில் ஒரே ஒரு கேள்வி.

"பேங்க்லேர்ந்து வாங்கியாந்திருந்தா பொழச்சிருப்பாங்களா?"

"ஆமா."

உள்ளேயிருந்து ராஜம்மாவின் குரல் வந்தது. "இன்னாம்மா பேச்சு அங்க? அவள இட்டுகினு போறியா, இல்லியா?"

தினகரன் மடித்திருந்த சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கினான். பொத்தான் போட்டான். பொத்தான் இரண்டு முறை நழுவியது.

"அவ இல்ல ஆயா."

இந்த வார்த்தைக்காகத்தான் சுதா இத்தனை நாளும் அந்த வீட்டில் காத்திருந்தாள். இப்போது அவன் வாயைப் பொத்த எழுந்தாள். வயிறு கனத்தது. சுவரைப் பிடித்து எழுவதற்குள் அவன் மீதியையும் சொல்லிவிட்டான்.

"நான்."