வால் விழுந்த நீலக் கோடு

வீட்டில் நாற்றம் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே செவிலிக்கு அது உறுத்தியது. மார்பில் புற்று வெடித்துப் புண்ணாகி நோயாளி அம்மா படுத்திருக்கும் வீடு; புண்ணுக்குக் கட்டுப் போட அவள் தினமும் வருவாள். படியேறும்போதே மூக்கைத் துளைத்து, தொண்டைவரை இறங்கி, வீடு திரும்பிக் குளித்த பிறகும் தலைமுடியில் தங்கிவிடுகிற அந்த அழுகல் வாடை துடைத்தாற்போல் போயிருந்தது. மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.

"மறுபடியும் கட்டைப் பிரிச்சியா?" என்றாள் அந்த அம்மாவின் மகளிடம்.

எத்தனை தடவை சொல்வது? காய்ந்த கட்டை இழுத்தால் அடியில் ரத்தக்குழாய் பிய்ந்துவிடும். அப்புறம் அம்மாவை யாராலும் காப்பாற்ற முடியாது.

"சத்தியமா இல்ல சிஸ்டர். நீங்க திட்டுவீங்கன்னு கிட்டகூடப் போகல."

"சுவத்துக்கிட்ட சொல்லியிருந்தா அதாவது கேட்டிருக்கும்!"

அம்மா கிளுக்கென்று சிரித்தாள். நேற்றுவரை முனகத்தான் தெம்பிருந்தது.

கசிவு பரவுகிறதா என்று பார்க்க, கட்டின்மேல் ஊறும் கறையைச் சுற்றி நீலப் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போவது செவிலியின் வழக்கம். நேற்று மகள் குறுக்கே பேசியதில் பேனா வழுக்கி, கோட்டுக்கு ஒரு வால் விழுந்திருந்தது. இன்று கட்டு வெள்ளைவெளேரென்று இருந்தது. கோடே இல்லை.

"பிரிக்கலைன்னியே! அப்ப இது யார் கட்டுனது?"

மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவோரம் ஒதுங்கினாள். செவிலி பல்லைக் கடித்தபடி உப்புநீரால் கட்டை நனைத்து, மெல்ல உரித்தாள்.

புண் இல்லை. தழும்பும் இல்லை. வழவழப்பான தோல்.

"நேத்து ராத்திரி ஒருத்தி வந்தா," என்றாள் அம்மா, மகளுக்குக் கேட்காத குரலில். "எடுத்துடட்டுமான்னு கேட்டா. ஆனா வேற யாருக்காவது குடுத்தாகணுமாம். பெத்த பொண்ணை எப்படிம்மா காட்டுவேன்? இந்த வீட்டுக்கு வந்து போறது வேற யாரு இருக்கா, நீயே சொல்லு."

அப்போதுதான் வாடை வந்தது.

கையுறையை முகர்ந்தாள். இல்லை. முழங்கை. இல்லை. குனிந்து தன் சட்டையை முகர்ந்தாள்.

அங்கே.

இடது மார்பில் சட்டை ஈரமாக ஒட்டியது. பொத்தானைக் கழற்றினாள்.

உள்ளே ஒரு கட்டு. நடுவில் மஞ்சள் கறை. சுற்றி நீலக் கோடு. கோட்டுக்கு ஒரு வால்.

கறை கோட்டைத் தாண்டியிருந்தது.