யாரையும் உள்ளே விடாதே

துருவி என்ற பெயர் வகுப்பில் வைத்தது. எது கையில் கிடைத்தாலும் துருவித் துருவிப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. நாளடைவில் அம்மாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

துருவியின் ராஜ்ஜியம் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அங்கே ஒரு சின்ன அலமாரி, அலமாரிக்குள் ஒரு பழைய கணினி. பார்ப்பதற்கு என்னவோ காயலான் கடைச் சாமான்தான். ஆனால் கீழ் வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் இன்டர்நெட் அதன் வழியாகத்தான் வரும், போகும். அதில் ஓடுவது லினக்ஸ். அதற்குள் ஃபயர்வால் என்று ஒரு காவல்காரன் உண்டு. வெளியிலிருந்து வருவதில் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்ப்பது அவன் வேலை. பாவம், அவனுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. எழுதிக் கொடுத்த விதிகளை ஒவ்வொன்றாகப் படித்து அதன்படி நடப்பான்.

இதையெல்லாம் அமைத்து வைத்தது மாடி அத்தையின் மகள். கப்பலில் இன்ஜினியராக இருப்பதால் துருவிக்கு அவள் 'கப்பல் அக்கா'. வேலைக்குக் கிளம்பிய அன்று அக்கா கடவுச்சொல்லை துருவியின் காதில் சொல்லிவிட்டு, "இனிமே நீதான் பார்த்துக்கணும்" என்றாள். அன்றிலிருந்து துருவிக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் அவள் தம்பி குண்டூசி எங்கிருந்தோ ஒரு விளையாட்டை இறக்கினான். உடனே திரை முழுக்க ஜன்னல்கள் முளைத்தன. ஒன்று அவனைக் கார் வாங்கச் சொன்னது. இன்னொன்று அவனுக்குக் கல்யாணம் பேசியது. குண்டூசி படிப்பது இரண்டாம் வகுப்பு.

துருவி அந்த விளையாட்டை அழித்தாள். அப்புறமும் மனசு ஆறவில்லை. காவல்காரனின் விதிகளைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக ஒன்றை எழுதினாள். நாம் கேட்டதற்குப் பதில் வந்தால் வரட்டும். மற்றபடி வெளியிலிருந்து தானாகக் கதவைத் தட்டுகிற யாரையும் உள்ளே விடாதே.

அன்று சாயங்காலமே பலன் தெரிந்தது. யாரையாவது தடுத்தால் காவல்காரன் திரையில் ஒரு வரி காட்டுவான். நாலைந்து நாள் கழித்தும் விளக்குப் போடும் நேரத்தில் வரிகள் மளமளவென்று ஓடின.

"பார்த்தியா, திருடன்" என்றாள் துருவி.

குண்டூசி கட்டிலில் ஏறி நின்றுகொண்டான். "ஒரே திருடனா?"

"இல்லடா. நேத்து ஒரு ஆளை நிறுத்தி வெச்சிருந்தேன், அது வேற விலாசம். இன்னிக்கு வேற. தினமும் இதே நேரத்துக்கு வர்றாங்க. பெரிய கும்பலாத்தான் இருக்கணும்."

"நம்ம வீட்ல என்ன இருக்குன்னு வர்றாங்க?"

துருவி யோசித்தாள். "உன் கலர் பென்சிலா இருக்கும்."

அன்று ராத்திரி கலர் பென்சில்கள் தலையணைக்கு அடியில் தூங்கின.

சனிக்கிழமை மதியம், வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க துருவி மாடிக்குப் போனாள். மாடி அத்தை மேசை மேலிருந்த ஃபோனின் ஒயரைச் சுற்றி, அதை ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கப்பல் அக்கா வாங்கி வைத்த இன்டர்நெட் ஃபோன் அது. கப்பலில் மொபைல் எடுக்காது. அதனால் அக்கா கப்பலிலிருந்து நேராக இந்த ஃபோனுக்குத்தான் கூப்பிடுவாள்.

"ஏன் அத்தை கட்டி வைக்கிறீங்க?"

"அடிக்காத ஃபோன் எதுக்கு கண்ணு? மேசையாவது காலியா இருக்கட்டும்."

அத்தை சிரிக்கத்தான் பார்த்தார். உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

"கடைசியா பேசினப்ப கொஞ்சம் வாக்குவாதம் ஆயிடுச்சு. 'கப்பலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், வந்து சேரு'ன்னு சொல்லிட்டேன். அவ எதுவும் பேசாம வெச்சுட்டா. அதுக்கப்புறம் கூப்பிடவே இல்லை. தினமும் விளக்குப் போடற நேரத்துக்கு டாண்ணு கூப்பிடுவா. இப்ப அந்த நேரம் வந்தா கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

துருவி கையிலிருந்த பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். விளக்குப் போடும் நேரம். தினமும்.

"அத்தை, கப்பல் ஒரே இடத்துல நிக்காதுல்ல?"

"அது எங்க நிக்குது? ஓடிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கரை வழியா இன்டர்நெட் வருதுன்னு சொல்லுவா. நாளைக்கு நடுக்கடலுக்குப் போயிடும். அப்புறம் மாசக்கணக்கா பேச முடியாது." அத்தை பெட்டியை மூடினார். "அவளுக்குப் பேசப் பிடிக்கலைன்னா நான் என்ன பண்றது?"

துருவி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒவ்வொரு நாளும் ஒரு விலாசம், ஆனால் ஒரே நேரம். கும்பலும் இல்லை, திருடனும் இல்லை. அது கப்பல் அக்கா.

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக் கீழே ஓடினாள். கணினி முன்னால் உட்கார்ந்து, அத்தையின் ஃபோனுக்கு வருகிற அழைப்பை உள்ளே விடும்படி ஒரு விதி எழுதலாம் என்று பட்டியலைக் கீழே நகர்த்தினாள். அங்கே அது ஏற்கெனவே இருந்தது. கப்பல் அக்கா எழுதியது. யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் சரி, அது ஃபோனுக்கான வாசலுக்கு வந்தால் விட்டுவிடு என்று தெளிவாக எழுதியிருந்தாள். ஆனால் அந்த விதி வழியாக இந்த வாரம் ஒருவர்கூட உள்ளே வரவில்லை. பக்கத்தில் பூஜ்யம் என்று காட்டியது.

விதி இருக்கிறது. பின்னே காவல்காரன் ஏன் விடவில்லை? துருவி தலையைப் பிய்த்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து முன்னறையில் அம்மாவின் குரல் உயர்ந்தது.

"குழாய்க்காரர் வந்தாரா இல்லையா?"

"வந்தாரு" என்றான் குண்டூசி. "போகச் சொல்லிட்டேன்."

"ஐயோ, ஏன்டா? நான் ஒரு மீட்டிங்ல இருக்கேன், யாரையும் உள்ளே விடாதே, குழாய்க்காரர் வந்தா மட்டும் விடுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே."

"யாரையும் உள்ளே விடாதேன்னு சொன்னீங்க. சரின்னு நான் வாசலுக்குப் போயிட்டேன். அதுக்கு அப்புறமும் பேசினா எனக்கு எப்படித் தெரியும்?"

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். துருவிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

காவல்காரனும் குண்டூசி மாதிரிதான். மேலிருந்து படிக்கிறான். பொருந்துகிற முதல் விதி வந்ததும் அதைச் செய்துவிட்டு நின்றுவிடுகிறான். கீழே யாருக்கு வழி விட்டிருந்தாலும் அவன் அதுவரை போவதே இல்லை. அவள்தானே கொண்டுபோய் முதல் வரியில் 'யாரையும் விடாதே' என்று எழுதினாள்.

மேலே இருந்த தன் விதியை எடுத்தாள். அதைப் பட்டியலின் கடைசியில் போட்டாள். இப்போது முதலில் ஃபோனுக்கு வழி, கடைசியில் மற்றவர்களுக்கு மூடிய கதவு. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுச் சேமித்தாள்.

வேலை முடிந்தது. ஆனால் ஃபோன் பெட்டிக்குள் இருந்தது.

'சும்மா மாட்டுங்க அத்தை' என்று சொல்லிப் பார்க்கலாம். காரணம் சொல்ல வேண்டாம். யாருக்கும் தெரியவும் தெரியாது. துருவி படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைத்தான் நினைத்தாள். ஆனால் அத்தை மாட்டினாலும், அக்கா கோபமாக இருந்தாள் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். அதை நினைத்தால்தான் துருவிக்குத் தாங்கவில்லை. எழுந்து மேலே போனாள்.

"அத்தை, அக்கா தினமும் கூப்பிட்டாங்க."

அத்தை திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் உள்ளே விடலை. திருடன்னு நினைச்சு அடைச்சுட்டேன். ஒரு நாள்கூட விடாம வந்து தட்டியிருக்காங்க. என் கண்ணால பார்த்தேன்." அதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அவங்களுக்கு உங்க மேல கோபமே இல்லை அத்தை."

அத்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று துருவி நினைத்தாள்.

"தினமுமா?" என்று கேட்டார்.

"தினமும்."

"சண்டை போட்ட மறுநாளும்?"

"மறுநாளும்தான். அன்னிக்கு இன்னும் நிறைய தடவை."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் பெட்டியைத் திறந்து, "வா, எந்த ஒயர் எதுலன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

இரண்டு பேரும் ஃபோனை மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள். வெளியே இருட்ட ஆரம்பித்தது. அத்தை விளக்கைப் போட்டார். ஃபோன் சும்மா இருந்தது. துருவி மனசுக்குள் தன் விதிகளை வரி வரியாகச் சொல்லிப் பார்த்தாள். எங்கேயாவது மறுபடியும் தப்புப் பண்ணிவிட்டோமோ என்று இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னாள்.

ஃபோன் அடித்தது.

அத்தை எடுத்தார். "ஹலோ" என்றார்.

"அம்மா, நீங்க கோபத்துல ஃபோனைக் கழட்டி வெச்சுட்டீங்கன்னு நினைச்சேன்" என்று கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழுகையும் சிரிப்புமாகக் கேட்டது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள், மறுபடியும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். துருவி நைசாக எழுந்து வாசல் வரை போய்விட்டாள். அத்தை அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டு ஃபோனைக் கொடுத்தார்.

"யாரு என்னை வெளியே நிக்க வெச்சது?" என்றாள் அக்கா.

"நான்தான். முதல் வரியிலேயே யாரையும் விடாதேன்னு ஒரு விதி எழுதிட்டேன். மன்னிச்சுடுங்க அக்கா."

"பலே ஆளுதான் நீ. எப்படியெல்லாமோ தட்டிப் பார்த்துட்டேன், அசையலையே. சரி, இப்ப எங்க வெச்சிருக்கே அந்த விதியை?"

"கடைசியில."

"அப்ப இனிமே நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை. அம்மாகிட்ட கொடு, இன்னும் நிறைய பேசணும்."

துருவி கீழே வந்தாள். வாசலில் குண்டூசி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். போன குழாய்க்காரர் திரும்பி வரப்போகிறாராம்.

"நில்லு. நீ குழாய்க்காரரா?"

"இல்லைடா, நான் உன் அக்கா."

குண்டூசி ரொம்ப நேரம் யோசித்தான். அப்புறம் சற்று நகர்ந்து வழி விட்டான்.