முதல் தடத்துப் படங்கள்

முதல் தடத்திலிருந்து ஒரு படம் வந்திருந்தது.

ஜெஸ்லின் கடித்த பிஸ்கட்டை மேசையில் வைத்தாள். படத்தின் மூலையில் தெளிவாக எழுதியிருந்தது: தடம் 1. எண்ணூர் சாலைக்குக் குறுக்கே, எர்ணாவூர் தாண்டி நிற்கும் இரும்புச் சட்டத்தில் மூன்று தடங்களுக்கும் மேலே மூன்று பெட்டிகள் உண்டு. இரண்டில் வேகம் பார்க்கும் கேமரா இருந்தது. முதல் தடத்துக்கு மேலே இருக்கும் இடது ஓரத்துப் பெட்டியில் ஒன்றும் கிடையாது. ரிப்பேர் என்று மார்ச் மாதம் கழற்றிக்கொண்டு போனவர்கள் திரும்பக் கொண்டுவரவே இல்லை. வெறும் பெட்டி மட்டும் கண்ணாடி மூடியோடு சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

படத்தில் வண்டி எதுவும் இல்லை. மழையில் நனைந்த சாலை மட்டும். ஆனால் வேகக் கட்டத்தில் 38 என்று இருந்தது.

திரையிலிருந்த சிவப்புப் பொத்தானை மவுசால் அமுக்கினாள். அவள் வேலையே அதுதான். நம்பர் பலகை தெரிந்தால் பச்சை, அபராத நோட்டீஸ் போகும். தெரியாவிட்டால் சிவப்பு. இரண்டில் ஒன்றை அமுக்கினால்தான் அடுத்த படம் வரும். போன படம் திரும்ப வராது.

மணி மூன்றுதான் ஆகியிருந்தது. திரையில் வெளிச்சம் அடிக்காமலிருக்க ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் அந்த மேல்மாடி அறைக்குள் எப்போதும் ஒரே பொழுதுதான். ஏசியின் ஈர வாடையும், மழை நாட்களில் மட்டும் உள்ளே வரும் அழுகிய முட்டை போன்ற புகை வாடையும் கலந்து நிற்க, கீழே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் கடக்கும்போதெல்லாம் டீ டம்ளருக்குள் இருந்த கரண்டி மெல்ல நடுங்கிக் கிணுகிணுத்தது.

"ஜஸீமா, உனக்கு முதல் தடத்துல படம் வருதா?"

பக்கத்து மேசை ஜஸீமா திரும்பாமலே சிரித்தாள். "காலி டப்பா ஃபோட்டோ புடிக்குதா? இன்னாப்பா, பகல்லயே தூங்கிகினு கீறியா?"

அடுத்த படம். மறுபடியும் தடம் 1. சாலையின் கோடியில் ஒரு நீலப் புள்ளி.

அமுக்கினாள். நீலப் புள்ளி ஸ்கூட்டராக இருந்தது. இடது ஓரக் கோட்டை ஒட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வரிசையில் வருவது போல வந்துகொண்டிருந்தது. அப்படி ஓட்டுகிற ஒரே ஒருவனைத்தான் அவளுக்குத் தெரியும்.

தேதியைப் பார்த்தாள். ஆகஸ்ட் 14. காலை 9.12.

அபின் செத்துப்போன நிமிஷம்.

நான்கு மாதம் ஆகிவிட்டது. அவள் வேலைக்குத் திரும்பி மூன்று வாரம். காட்டுப்பள்ளி கன்டெய்னர் யார்டில் கணக்கரான அவள் கணவன் தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் அந்தச் சாலையில்தான் போவான். ஏப்ரலில் அவனுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. ஐம்பதுக்குப் பதில் ஐம்பத்தாறு. மொட்டைமாடியில் துணி மடித்துக்கொண்டே அவள்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "ரெண்டாவது தடத்துல எதுக்குப் போறீங்க? ஓரத்துல போங்க. அந்தப் பெட்டி காலி. யார்ட்டயும் சொல்லிராதீங்க, என் வேலை போயிரும்."

அன்றிலிருந்து அவன் ஓரத்துக்கு மாறினான். வேகம் மட்டும் கூடவில்லை. "உன் ஆபீசு டப்பாவுக்குத் தினம் காலையில டாட்டா காட்டிட்டுப் போறேன்" என்பான். "உள்ள நீ ஒக்காந்து பாத்துகினு கீறன்னு நெனச்சுக்குவேன்."

"அதுல ஒண்ணுமே இல்லைங்க, பைத்தியம்."

"இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா. நான் காட்டுவேன்."

பிறகு ஒரு வாரத்தில் அவள் திரையில் டிரெய்லர்களே வராமல் போயின. இரண்டாம் தடமும் மூன்றாம் தடமும் காலியாகிவிட்டன. எல்லா லாரிகளும் சட்டத்துக்கு நூறு அடி முன்னால் வெடுக்கென்று இடதுபக்கம் ஒடித்து, காலிப் பெட்டியின் கீழே வேகம் குறைக்காமல் போகின்றன என்று அவளுக்குப் புரிந்தது.

"யார்ட்டங்க சொன்னீங்க?"

"டீக்கடைல, டிரெய்லர் ஓட்டுற ராமசுப்பு அண்ணன்ட்ட மட்டும்தான். பாவம்ப்பா, மாசத்துல மூணு ஃபைன் கட்டுறாரு."

மேலதிகாரியிடம் அவள் சொல்லியிருக்கலாம். பெட்டி காலி என்பது வெளியே தெரிந்துவிட்டது, லாரிகள் ஓரத்தில் ஒடிக்கின்றன என்று. யார் வெளியே சொன்னது என்று கேட்பார்களே. சொல்லவில்லை. மே, ஜூன், ஜூலை. சொல்லவே இல்லை.

அமுக்கினாள்.

இப்போது அவன் முகம் தெரிந்தது. ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டிருந்தான். முன்னால் கொக்கியில் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பை. புளிசாதம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் முதலில் வந்தது பயமில்லை. எத்தனை நாள் ஆயிற்று இந்த முகத்தைப் பார்த்து.

அவனுக்குப் பின்னால், இரண்டாம் தடத்தில், மஞ்சளாக ஒரு சின்னப் பொட்டு.

அமுக்கினாள். அவன் வலது கை ஆக்ஸிலேட்டரிலேயே இருந்தது. இடது கை கைப்பிடியை விட்டு எழ ஆரம்பித்திருந்தது.

மஞ்சள் பொட்டு, கயிற்றில் கோத்துத் தொங்கும் எலுமிச்சம்பழம். நான்கு பச்சை மிளகாய். அதற்குப் பின்னால் பம்பர். கன்டெய்னரின் துருப்பிடித்த நெற்றி.

அமுக்கினாள்.

கை தோள்வரை வந்திருந்தது. எலுமிச்சம்பழம் வெள்ளைக் கோட்டைத் தாண்டி முதல் தடத்துக்குள் வந்திருந்தது.

விரல் பொத்தான்மேல் நின்றது. அமுக்கினால் அடுத்தது வரும். அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். சவக்கிடங்கில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

அமுக்காவிட்டால்?

அமுக்காவிட்டால் அவன் இங்கேயே இருப்பான். உயிரோடு. கையைத் தூக்கிக்கொண்டு.

மவுசை விட்டு விரலை எடுத்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். கரண்டி கிணுகிணுத்தது. நின்றது. எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை.

"இன்னாம்மா, ஒரே படத்துல குந்திகினு கீற?" சூப்பர்வைசர் ஜெகதீசன் பின்னால் வந்து நின்றார். எட்டிப் பார்த்தார். "வெறும் கருப்பு. செவப்ப அமுக்கிட்டுப் போய்கினே இரு."

"வேணாம் சார். அமுக்காதீங்க. கொஞ்ச நேரம். ப்ளீஸ் சார்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "முடியலன்னா வூட்டுக்குப் போம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

திரும்பித் திரையைப் பார்த்தாள்.

வேகக் கட்டத்தில் 38 இல்லை. 0.

ஸ்கூட்டர் நின்றிருந்தது. அவன் ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தான். கை முழுதாக மேலே உயர்ந்திருந்தது. நேராக மேலே பார்த்தான். பெட்டியை. பெட்டிக்குள். அவளை.

சிரித்தான். பதிலுக்கு அவள் கை காட்டுவாள் என்று காத்துக்கொண்டு நின்றான்.

ஸ்கூட்டர் நின்றுவிட்டது. எலுமிச்சம்பழம் நிற்கவில்லை.

அவள் எதையும் அமுக்கவில்லை. பழம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. மிளகாயின் காம்பு தெரிந்தது. கயிற்றின் முடிச்சு தெரிந்தது.

"பின்னாடி" என்றாள். "அபின். பின்னாடி பாருங்க."

கையைத் தூக்கி அவன் தோளுக்குப் பின்னால் காட்டினாள். வேகமாக. மறுபடி மறுபடி.

"ஜெஸ்லினு?" ஜஸீமாவின் நாற்காலி கிறீச்சிட்டது. "வெறும் கருப்புக்கு எதுக்குப்பா டாட்டா காட்டிகினு கீற?"

திரைக்குள் அபினின் முகம் மலர்ந்தது. கடைசியில் அவள் பார்த்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் அவன் இன்னொரு கையையும் கைப்பிடியிலிருந்து எடுத்து, இரண்டு கைகளையும் உயரத் தூக்கி, அவளைப் போலவே, வேகமாக, மறுபடி மறுபடி ஆட்டினான்.

எலுமிச்சம்பழம் அவன் முதுகைத் தொட்டது.